ஒரே கணினிக்குள் ஒண்டுக்குடித்தனம்: விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு நிறுவுவது

ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். கல்லூரியில் முதலாமாண்டு. வகுப்புக்கு லினக்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இருப்பதோ விண்டோஸ் போட்ட ஒரே ஒரு லேப்டாப், அதுவும் வீட்டில் எல்லாருக்கும் பொது. யாரோ சொன்னார்கள் என்று விர்ச்சுவல்பாக்ஸை இறக்கி, அதற்குள் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை நிறுவ ஆரம்பித்தவன் பாதியில் கையை எடுத்துவிட்டான்.

"மாமா, டிஸ்க் முழுக்க அழிச்சிட்டு உபுண்டு போடவான்னு கேக்குது. அம்மாவோட கல்யாண போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு."

"தாராளமா அழி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பயந்தது நல்லதுதான். அதே கேள்வியை நிஜக் கணினி ஒன்று கேட்டு, அவன் யோசிக்காமல் சரி என்று அழுத்தியிருந்தால் போட்டோக்கள் போயே போயிருக்கும். இங்கே நான் எந்தத் தைரியத்தில் அழிக்கச் சொன்னேன் என்பது பிடிபட்டுவிட்டால் விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின் என்கிற போலிக் கணினி விஷயமே பிடிபட்ட மாதிரி. மிச்சமெல்லாம் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்கிற சில்லறைக் கணக்குதான்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது வேர்டு, குரோம் மாதிரி ஒரு சாதாரண மென்பொருள். அது செய்யும் வேலை, தன்னை ஒரு முழுக் கணினியாகக் காட்டிக்கொள்வது. உள்ளே நிறுவப்படும் இயங்குதளத்திடம் "இதோ பார், இரண்டு கோர் சிபியு, 4 ஜிபி ராம், 25 ஜிபி ஹார்டு டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு, ஒரு சிடி டிரைவ்" என்று கணக்குக் காட்டும். உள்ளே வந்த உபுண்டுவும் அதை அப்படியே நம்பிவிடும். அந்த 25 ஜிபி ஹார்டு டிஸ்க் உண்மையில் உங்கள் விண்டோஸில், ஒரு கோப்புறைக்குள் கிடக்கும் ஒற்றைக் கோப்பு. அதன் பின்னொட்டு விடிஐ. உபுண்டு "டிஸ்க்கை அழிக்கிறேன்" என்றால் அந்த ஒரு கோப்புக்குள்தான் கோடு போட்டுக்கொள்ளும். அதற்கு வெளியே சி டிரைவ் என்று ஒன்று இருப்பதோ, அதில் கல்யாண போட்டோ இருப்பதோ அதன் கண்ணுக்கே தெரியாது.

பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே கரண்ட் மீட்டர். ஆளுக்கு ஒரு அறை. கதவைச் சாத்திக்கொண்டால் அவரவர் உலகம். விஎம்மும் அப்படித்தான், ஒரே ஒரு வேறுபாட்டோடு: இங்கே அறைக்குள் இருப்பவர் வீடே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரரான விண்டோஸை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே குடிவந்த உபுண்டுவை கெஸ்ட் என்பார்கள். தமிழில் விருந்தினர் இயங்குதளம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. விருந்தாளி இரண்டு நாளில் கிளம்பிவிடுவார். இது மாதக்கணக்கில் உட்கார்ந்து நம் ராமைத் தின்னும். இருந்தாலும் ஊரோடு ஒத்து ஹோஸ்ட், கெஸ்ட் என்றே சொல்லிக்கொள்வோம்.

இது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. 1960களில் ஒரு பெரிய கணினியின் விலைக்கு ஒரு கட்டடமே வாங்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில், ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, ஆளுக்கொரு தனிக் கணினி இருப்பதுபோலக் காட்டும் வேலையைச் செய்தார்கள். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கே வந்துவிட்டது. நம் மேசைக் கணினிக்கு வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1999இல் விஎம்வேர் வந்தது. 2007இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. அதனால்தான் இன்று அது ஆரக்கிள் விர்ச்சுவல்பாக்ஸ்.

ஏன் அவ்வளவு தாமதம்? நம் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகை சிபியு இப்படிப் பலர் குடியிருக்கும் வீடாக வடிவமைக்கப்படவில்லை. கெஸ்ட் சில கட்டளைகளைப் போட்டால், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்காமல் சத்தமில்லாமல் வேறு பதிலைக் கொடுத்துவிடும். விஎம்வேர்காரர்கள் அப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தார்கள். பிறகு 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் சிபியுவுக்குள்ளேயே இதற்கான வசதியை வைத்துவிட்டன. இந்தக் கதையை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது: 2019 கடைசியில் வந்த 6.1 பதிப்பிலிருந்து, சிபியுவில் அந்த வசதி இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடாது. பல லேப்டாப்களில் வசதி இருக்கும், ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். புதிதாக வருபவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் கதவு அதுதான்.

இறக்குவதற்கு முன்னால்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போய் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். வலது கீழ்ப்பக்கம் சின்ன எழுத்தில் 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே 'எனேபிள்ட்' என்று இருந்தால் கவலை இல்லை. 'டிசேபிள்ட்' என்றால், விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக வேண்டும்: கணினியை ரீஸ்டார்ட் செய்து, திரை வெளிச்சமாகும்போதே எஃப்2, எஃப்10, டெலீட் இவற்றில் உங்கள் கணினிக்கு எது பொருந்துமோ அதைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே இன்டெல் என்றால் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்' என்றும், ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்' என்றும் ஒரு வரி இருக்கும். அதை இயக்கி, சேமித்து வெளியே வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். பயாஸில் கை வைத்தால் சில சமயம் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதைத் தேடி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பயாஸுக்குள் போங்கள்.

அடுத்தது ராம். உபுண்டு 24.04 சுகமாக ஓட 4 ஜிபி வேண்டும் என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். விண்டோஸுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தேவை. 8 ஜிபி உள்ள லேப்டாப்பில் ஆளுக்குப் பாதி கொடுக்கலாம், ஆனால் விஎம் ஓடும்போது குரோமில் முப்பது பக்கங்களைத் திறந்து வைக்கக் கூடாது. மொத்தமே 4 ஜிபிதான் என்றால் உபுண்டு ஆசையை விட்டுவிட்டு லுபுண்டு மாதிரி இலகுவான ஒன்றைப் போடுங்கள், அல்லது டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை வரைகலைத் திரை இல்லாமல் வெறும் கட்டளை வரியோடு நிறுவுங்கள். எப்படியானாலும் மொத்த ராமில் பாதிக்கு மேல் கெஸ்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் மூச்சுத் திணறினால் குடியிருப்பவரும் சேர்ந்துதான் திணறுவார்.

ஆப்பிளின் எம்1, எம்2 வகை மேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஎம் வேகமாக ஓடுவதற்குக் காரணமே கெஸ்ட்டின் கட்டளைகள் நேராக நிஜ சிபியுவில் ஓடுவதுதான். அந்த மேக்குகளின் சிபியு பேசும் மொழி வேறு, ஆர்ம் வகை. எனவே சாதாரண உபுண்டு அதில் இப்படி ஓடாது. ஆர்முக்கான உபுண்டுவைத் தேடி இறக்க வேண்டும், விர்ச்சுவல்பாக்ஸும் 7.1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

அப்புறம், உங்களுக்குத் தேவை லினக்ஸ் கட்டளைகளைப் பழகுவது மட்டும்தான் என்றால் விஎம்மே வேண்டாம். விண்டோஸிலேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது, பத்து நிமிட வேலை. ஒரு இயங்குதளத்தை நிறுவுவது முதல் உடைப்பது வரை முழுசாகப் பார்க்க ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டு பதிவிறக்கங்கள்

ஒன்று விர்ச்சுவல்பாக்ஸ். அதன் சொந்தத் தளத்தில் 'விண்டோஸ் ஹோஸ்ட்ஸ்' என்று இருப்பதை எடுங்கள். பக்கத்திலேயே 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்று ஒன்று கண்ணில் படும். ஆரம்பத்தில் அது தேவையே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூல மென்பொருள், யாரும் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு உரிமம் வேறு, சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். அலுவலகக் கணினியில் கேட்காமல் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பு, சுமார் 6 ஜிபி. அந்தக் காலத்து சிடியை அப்படியே ஒரு கோப்பாக்கினால் அதுதான் ஐஎஸ்ஓ. நிஜக் கணினியில் நிறுவுவதென்றால் இதைப் பென் டிரைவில் எழுத வேண்டியிருக்கும். இங்கே அந்த வேலை மிச்சம், விஎம்மின் போலி சிடி டிரைவில் கோப்பையே செருகிவிடலாம். சிலர் இதை ஜிப் கோப்பு என்று நினைத்துப் பிரித்துப் போட்டுவிட்டு, உள்ளே நிறுவும் கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிரிக்க வேண்டாம். எல்டிஎஸ் என்று குறித்த, நீண்ட காலம் திருத்தங்கள் வரும் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். 2024 ஏப்ரலில் வந்த 24.04க்கு 5 ஆண்டுகள் இலவசமாகத் திருத்தங்கள் வரும்.

ஐஎஸ்ஓ இறங்கிக்கொண்டிருக்கும்போதே விர்ச்சுவல்பாக்ஸை நிறுவாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸை நிறுவும்போது இணைய இணைப்பு கொஞ்ச நேரம் துண்டிக்கப்படும் என்று ஒரு எச்சரிக்கை வரும். யாரும் அதைப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. ஐந்து ஜிபிக்கு மேல் இறங்கியிருந்த ஐஎஸ்ஓ அறுந்து, அன்றைய டேட்டாவோடு போய்ச் சேர்ந்தது.

அறை ஒதுக்குவது

விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து 'நியூ' அழுத்துங்கள். பெயர் கேட்கும். பெயரில் உபுண்டு என்று ஆங்கிலத்தில் இருந்தால் வகையை அதுவே புரிந்துகொள்ளும். கீழே ஐஎஸ்ஓவைக் காட்டச் சொல்லும், இறக்கிய கோப்பைக் காட்டுங்கள்.

அங்கேதான் ஒரு கண்ணி. ஐஎஸ்ஓவைக் காட்டியதும், "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் நானே நிறுவிவிடுகிறேன்" என்று விர்ச்சுவல்பாக்ஸ் முன்வரும். அதற்குப் பெயர் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் நீங்கள் தராவிட்டால் 'விபாக்ஸ்யூசர்' (vboxuser) என்று ஒரு பயனரை உருவாக்கி, 'சேஞ்ச்மீ' (changeme) என்று கடவுச்சொல் வைத்துவிடும். அதைத் தெரியாதவர்கள் நுழைவுத் திரையில் உட்கார்ந்து தன் வைஃபை கடவுச்சொல் வரை தட்டிப் பார்ப்பார்கள். தெரிந்து உள்ளே போனாலும், அந்தப் பயனருக்கு நிர்வாகி உரிமை இல்லாமல் போவது உண்டு. அப்போது எதை நிறுவப் போனாலும் அனுமதி இல்லை என்றே பதில் வரும். முதல் தடவை நீங்களே கைப்பட நிறுவுங்கள். 'ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் டிக் போடுங்கள். புதிய பதிப்புகளில் கேள்வியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள், 'ப்ரொசீட் வித்' என்று ஆரம்பிக்கும். அங்கே டிக்கை எடுக்க வேண்டும். அவசரத்தில் பழக்க தோஷத்தில் டிக் அடிக்காமல், வாக்கியத்தை ஒரு முறை முழுசாகப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ராம் 4096 எம்பி, சிபியு 2. பிறகு டிஸ்க், 25 ஜிபி. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. 25 என்று போட்டதும் சி டிரைவிலிருந்து 25 ஜிபி உடனே போய்விடாது. அது உச்சவரம்பு, அவ்வளவுதான். கோப்பு சில எம்பியில் பிறந்து, உள்ளே எழுத எழுத வளரும். உபுண்டு நிறுவி முடித்தால் 10 ஜிபியைத் தாண்டியிருக்கும். 'ப்ரீ-அலகேட் ஃபுல் சைஸ்' என்பதில் டிக் போட்டால் மட்டுமே மொத்த இடத்தையும் முதலிலேயே பிடித்துக்கொள்ளும், எனவே அதைத் தொடாதீர்கள். ஆனால் வளர்ந்த கோப்பு தானாகச் சுருங்காது. உள்ளே 5 ஜிபி படம் ஒன்றை வைத்துவிட்டு அழித்தாலும் வெளியே அந்த 5 ஜிபி திரும்பக் கிடைக்காது.

முடித்ததும் பட்டியலில் உங்கள் விஎம் தெரியும். 'செட்டிங்ஸ்' போய் 'டிஸ்ப்ளே' பகுதியில் வீடியோ நினைவகத்தை 128 எம்பி ஆக்குங்கள், குறைவாக இருந்தால் திரை தடுமாறும். மற்றதை அப்படியே விடுங்கள்.

ஸ்டார்ட்

பச்சை அம்பை அழுத்தினால் ஒரு சாளரம் திறக்கும். அதுதான் உங்கள் இரண்டாவது கணினியின் மானிட்டர். கறுப்புத் திரையில் 'ட்ரை ஆர் இன்ஸ்டால் உபுண்டு' என்று வரும், என்டர் தட்டுங்கள். அதற்குப் பதில் 'நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்' என்று வந்தால் போலி சிடி டிரைவ் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். ஐஎஸ்ஓவைக் காட்ட மறந்திருப்பீர்கள். 'செட்டிங்ஸ்', 'ஸ்டோரேஜ்' வழியாகப் போய்ச் செருகிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சாளரத்துக்குள் க்ளிக் செய்ததும் சில சமயம் மவுஸ் அம்பு உள்ளேயே சிறைப்பட்டுவிடும். எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. வலது பக்கத்துக் கன்ட்ரோல் விசையை ஒரு முறை தட்டினால் விடுதலை. இதை ஹோஸ்ட் கீ என்பார்கள், சாளரத்தின் வலது கீழ் மூலையிலும் எழுதியிருக்கும். சின்ன லேப்டாப்கள் சிலவற்றில் வலது கன்ட்ரோலே இருக்காது. அவர்கள் தொடங்குவதற்கு முன்பே விர்ச்சுவல்பாக்ஸின் 'ப்ரிஃபரன்சஸ்' பகுதியில், 'இன்புட்' என்பதில் வேறு விசையை ஹோஸ்ட் கீயாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

உபுண்டுவின் கேள்விகளுக்கு வருவோம். மொழி, விசைப்பலகை, இணையம் எல்லாவற்றுக்கும் வந்ததையே ஏற்றுக்கொண்டு 'நெக்ஸ்ட்' போகலாம். உங்கள் கணினி வைஃபையில் இருந்தாலும் உபுண்டு கம்பி வழி இணைப்பு என்றே சொல்லும். குழம்ப வேண்டாம், விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குக் காட்டியிருப்பது ஒரு போலிக் கம்பி கார்டு. வைஃபை கடவுச்சொல்லும் கேட்காது. நிறுவும் முறையில் 'இன்டராக்டிவ்', பிறகு 'டிஃபால்ட் செலக்ஷன்'.

கடைசியில் அந்தக் கேள்வி: 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு'. சரி என்று சொல்வதற்கு முன்னால் டிஸ்க்கின் அளவைப் பாருங்கள். நீங்கள் ஒதுக்கிய 25 ஜிபியை ஒட்டிய எண்தான் இருக்கும். உங்கள் நிஜ டிஸ்க் 512 ஜிபியாகவோ 1 டிபியாகவோ இருக்கும், அந்த எண்ணே அங்கே வராது. அக்கா மகனிடம் அன்று அதைத்தான் படிக்கச் சொன்னேன். "இருபத்தஞ்சு புள்ளி சொச்சம்னு போட்டிருக்கு மாமா" என்றான். அப்புறம்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

உங்கள் பெயர், கடவுச்சொல், நேர மண்டலம் கொடுத்துவிட்டுக் காபி போடப் போகலாம். எஸ்எஸ்டி இருந்தால் கால் மணி நேரத்தில் முடியலாம், பழைய சுழலும் டிஸ்க் என்றால் காபியோடு டிபனும் ஆகிவிடும்.

முடிந்ததும் 'ரீஸ்டார்ட்' செய்யச் சொல்லும். செய்தால், "நிறுவிய சிடியை எடுத்துவிட்டு என்டர் அழுத்து" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். எந்த சிடி? நிஜத்தில் ஒன்றும் இல்லையே என்று லேப்டாப்பைத் திருப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. அது சொல்வது போலி சிடியை. பெரும்பாலும் அது தானே வெளியேறியிருக்கும், என்டர் மட்டும் போதும். மறுபடி நிறுவும் திரையே வந்தால் மேலே 'டிவைசஸ்', 'ஆப்டிகல் டிரைவ்ஸ்' போய் ஐஎஸ்ஓவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதன்முதலில் விஎம் போட்டபோது இது எனக்குத் தெரியாது. நிறுவியது சரியாக நிற்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை முழுசாக நிறுவினேன். மூன்றாவது முறையும் ஆரம்பித்துவிட்டேன்.

குடிவந்த பிறகு

உபுண்டு வந்துவிட்டது, ஆனால் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. விண்டோஸில் நகலெடுத்ததை உபுண்டுவில் ஒட்ட முடியாது. சாளரத்தைப் பெரிதாக்கினால் திரை கூடவே விரியாமல் போகலாம். இதற்குத்தான் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருள். உபுண்டுவில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' (sudo apt install build-essential) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, அதற்குத் தேவையான கருவிகளை முதலில் வரவழையுங்கள். இதைச் செய்யாமல் போய்ப் பாதியில் பிழையோடு நிற்பவர்கள்தான் அதிகம். பிறகு 'டிவைசஸ்' பட்டியலின் அடியில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' அழுத்துங்கள். உபுண்டுவின் ஓரத்தில் ஒரு சிடி முளைக்கும். அதைத் திறந்து, உள்ளே 'ஆட்டோரன்' என்று ஆரம்பிக்கும் கோப்பை வலது க்ளிக் செய்து, நிரலாக ஓட்டச் சொல்லுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் 'டிவைசஸ்', 'ஷேர்டு கிளிப்போர்டு', 'பைடைரக்ஷனல்' என்று வைத்தால் இரண்டு பக்கமும் ஒட்டலாம்.

கோப்புகளைப் பரிமாற 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' இருக்கிறது. வைத்த உடனே திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று விரட்டும். உங்கள் பயனரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' (vboxsf) என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். எதைப் பகிர்கிறீர்கள் என்பதிலும் கொஞ்சம் கணக்காக இருங்கள். அறையின் சுவரில் நீங்களே ஒரு கதவு வைக்கிறீர்கள். சந்தேகமான மென்பொருளை விஎம்மில் ஓட்டிப் பார்க்கிற எண்ணம் இருந்தால், முழு டாக்குமெண்ட்ஸ் கோப்புறையையும் பகிர்ந்து வைப்பது திருடனுக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதுதான்.

இணையம் பற்றிச் சுருக்கமாக: ஆரம்பத்தில் நாட் என்ற முறையில் இருக்கும். கெஸ்ட்டுக்கு 10.0.2.15 என்று ஒரு முகவரி கிடைக்கும், வெளியே போக முடியும், வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. படிப்பதற்கு அது போதும். உபுண்டுவில் ஒரு வலைத்தளத்தை ஓட்டி, அதை வீட்டில் மற்றவர்களின் போனிலும் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் 'பிரிட்ஜ்டு' முறைக்கு மாற்றுங்கள். அப்போது கெஸ்ட்டுக்கும் வீட்டு ரவுட்டரே தனி முகவரி கொடுக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் உபுண்டு ஆமை வேகத்தில் போகிறதா? சாளரத்தின் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். வரிசையாக இருக்கும் சின்னங்களில் ஒன்று நிஜமாகவே பச்சை ஆமையாக இருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதை வரைந்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி முன்பே சிபியுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோள்மேல் ஏறி ஓடுகிறது என்று பொருள். டபிள்யூஎஸ்எல் போட்டிருந்தாலும், விண்டோஸ் 11இன் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு ஓடினாலும் இது நடக்கும். அவற்றை அணைத்தால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் வங்கி வேலையெல்லாம் செய்கிற கணினியில், பழகுவதற்காகப் போட்ட ஒரு விஎம்முக்காகப் பாதுகாப்பைக் கழற்றி வைக்க மாட்டேன். ஆமை பொறுத்துக்கொள்ளும் வேகத்தில் போனால் போகட்டும்.

விஎம்மில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஸ்னாப்ஷாட். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த நொடியில் கெஸ்ட் எப்படி இருந்ததோ அப்படியே குறித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். 'ரீஸ்டோர்' அழுத்தினால் பழைய நிலை. நிறுவி, கெஸ்ட் அடிஷன்ஸும் போட்டு முடித்ததும் முதல் ஸ்னாப்ஷாட்டை எடுத்து, 'புதுசு' என்று பெயர் வையுங்கள். அக்கா மகன் மறுநாளே அதைச் சோதித்துப் பார்த்தான். இணையத்தில் "இந்தக் கட்டளையை மட்டும் போடாதே" என்று எல்லாரும் எச்சரிக்கும் கட்டளையை வேண்டுமென்றே போட்டு, கோப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதையும், ஓரப் பட்டையில் சின்னங்கள் மறைவதையும், கடைசியில் திரை உறைவதையும் ரசித்துப் பார்த்துவிட்டு ரீஸ்டோர் செய்தானாம். ஒரு வகுப்பு முழுக்கப் படித்தாலும் வராத தைரியம் அதில் வந்துவிட்டது அவனுக்கு.

ஆனால் ஸ்னாப்ஷாட்டைக் காப்பு நகல் என்று எண்ணிவிடாதீர்கள். அது பழைய டிஸ்க் கோப்பை அப்படியே நிறுத்திவைத்து, அதற்குமேல் நடக்கும் மாற்றங்களை இன்னொரு கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே கோப்புறையில்தான் இருக்கும். லேப்டாப்பின் டிஸ்க் போனால் எல்லாம் சேர்ந்தே போகும். நாலைந்து ஸ்னாப்ஷாட் சேர்ந்தால் இடத்தையும் நன்றாகவே விழுங்கும். அதனால் பழையவற்றை அவ்வப்போது நீக்குங்கள், அதுவும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளிருந்து. கோப்புறைக்குள் போய்க் கையால் ஒரு கோப்பை அழித்தால் சங்கிலி அறுந்து விஎம்மே திறக்காது.

சாளரத்தின் பெருக்கல் குறியை அழுத்தினால் மூன்று வழிகள் கேட்கும். 'சேவ்' என்பது விட்ட இடத்திலேயே உறையவைப்பது. அடுத்த முறை அதே நிலையில் திறக்கும். 'ஷட்டவுன் சிக்னல்' முறையாக அணைப்பது. 'பவர் ஆஃப்' என்பது ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பிளக்கைப் பிடுங்குவது. வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய அது வேண்டாம், உள்ளே இருப்பதும் ஒரு கணினிதான்.

செமஸ்டர் முடிந்து இனி வேண்டாம் என்று தோன்றினால் விஎம்மை வலது க்ளிக் செய்து 'ரிமூவ்'. அப்போது இரண்டில் ஒன்றைக் கேட்கும். 'டெலீட் ஆல் ஃபைல்ஸ்' என்றால் டிஸ்க் கோப்பு, ஸ்னாப்ஷாட் எல்லாம் சேர்ந்து போய் இடம் திரும்பக் கிடைக்கும். உள்ளே எழுதிய பாடக் கோப்புகளை மட்டும் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். 'ரிமூவ் ஒன்லி' என்றால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும்தான் மறையும். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாமானை அறையிலேயே விட்டுப்போன குடித்தனக்காரர் கதைதான். சில மாதம் கழித்து சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று தேடும்போது, 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்' என்ற கோப்புறைக்குள் 20 ஜிபியோடு அந்த விடிஐ இன்னும் உட்கார்ந்திருக்கும்.